முகாம் போட்டால் ஆள் வருமா? கம்பெனி நலத்திட்டங்களுக்குத் தொழிலாளர்களை வரவைக்க ஒரு முழு வழிகாட்டி

புதுச்சேரியில் சேதராப்பட்டு, மேட்டுப்பாளையம், தட்டாஞ்சாவடி, கிருமாம்பாக்கம், இந்தப் பக்கம் வந்தால் கடலூர் சிப்காட். எந்தத் தொழிற்பேட்டையானாலும் மருத்துவ முகாம் நாளில் காட்சி ஒன்றுதான். கேட்டில் பேனர், ஷாமியானாவுக்குக் கீழே நாலு நாற்காலி, பி.பி. மெஷினோடு ஒரு நர்ஸ். வரிசையில் நிற்பவர்கள் அக்கவுண்ட்ஸ், ஸ்டோர்ஸ், அட்மின் ஆட்கள். அதிலும் பாதிப்பேர் எப்படியும் காலையில் நடைப்பயிற்சி போகிறவர்கள். உற்பத்தி லைனில் நிற்கும் ஆட்களில் பத்துப் பேர் வந்திருந்தால் பெரிது. மாலையில் போட்டோவோடு ரிப்போர்ட் போய்விடும், முகாம் 'வெற்றிகரமாக' முடிந்துவிடும்.

வராமல் போனவர்களுக்குத்தான் அந்த முகாம் தேவை. 2023-ல் வெளிவந்த, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) இண்டியாப் ஆய்வின்படி புதுச்சேரியில் 26.3 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய். கோவா 26.4, அடுத்தது நாம்தான். நாட்டின் சராசரி 11.4. தொழிற்சாலையில் இளவட்டங்கள் அதிகம் என்று கழித்துக்கொண்டாலும், தனக்குச் சர்க்கரை இருப்பதே தெரியாமல் மெஷினில் நிற்பவர்கள் ஒவ்வொரு ஷிப்டிலும் இருப்பார்கள். அமெரிக்காவில் இல்லினாய் பல்கலைக்கழகம் தன் ஊழியர்களுக்கு நலத்திட்டம் தொடங்கி ஆராய்ந்தபோதும் இதே கதைதான்: முன்பே மருத்துவச் செலவு குறைவாக இருந்தவர்களே திட்டத்திலும் அதிகம் கலந்துகொண்டார்கள்.

விளம்பரம் போதவில்லை என்று ஹெச்.ஆர். இன்னொரு பேனர் அடிக்கிறது. ஆனால் லைனில் இருப்பவர் மனதில் ஓடுவது இரண்டே கேள்வி. நான் போனால் என் இடத்தில் யார் நிற்பார்? என் ரிப்போர்ட் யார் கைக்குப் போகும்? இந்த இரண்டுக்கும் பதில் தயாராகும் வரை நோட்டீஸ் அடிக்க வேண்டாம் என்பது என் கட்சி. கீழே உள்ள படிகளும் அந்த வரிசையில்தான் இருக்கின்றன.

1. முதலில் கேளுங்கள், கேன்டீனில் கேளுங்கள்

கூகுள் ஃபார்ம் அனுப்பாதீர்கள். அதில் வருவதெல்லாம் ஆபீஸ் ஆட்களின் விருப்பம்தான்: ஜிம், ஜும்பா, தியானம். லைன் ஆட்களிடம் கேட்க வேண்டிய இடம் டீ டைம், கேன்டீன் வரிசை, கம்பெனி பஸ். பாகூர், நெட்டப்பாக்கம், பண்ருட்டி ரூட் பஸ்களில் ஒருமுறை நீங்களே ஏறிப் போய்ப் பாருங்கள். ஆபீஸ் அறைக்குள் வராத பேச்செல்லாம் அங்கே வரும்.

பெண்களிடம் ஒரு பெண்தான் கேட்க வேண்டும், தனியாக. சூப்பர்வைசர் பக்கத்தில் நின்றால் 'ஒண்ணும் இல்லீங்க சார், நல்லாத்தான் இருக்குது' என்பதோடு முடிந்துவிடும்.

வரும் பதில்கள் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: நின்று நின்று மூட்டுவலி, நைட் ஷிப்ட் முடிந்து பகலில் தூக்கம் வரவில்லை, வயிற்றெரிச்சல், குழு லோன் தவணை, வீட்டுக்காரரின் குடி, மே மாதத்தில் ஷெட்டுக்குள் நிற்க முடியவில்லை. அப்புறம், பெண்கள் கழிப்பறைக் கதவில் தாழ்ப்பாள் இல்லை.

அந்தத் தாழ்ப்பாளை முதலில் போடுங்கள். தாழ்ப்பாள் இல்லாத கம்பெனியில் யோகா வகுப்பு அறிவித்தால் சிரிக்கத்தான் செய்வார்கள். கேட்டவற்றில் கையோடு செய்யக்கூடிய ஒன்றிரண்டை இரண்டு வாரத்துக்குள் செய்து முடித்து, நோட்டீஸ் போர்டில் இப்படி எழுதுங்கள்: 'பேக்கிங் லைன் அக்காமார் கேட்ட நாலு மின்விசிறி மாட்டியாகிவிட்டது.' 'ஊழியர் நலனில் அக்கறை' என்று பொதுவாக எழுதிய பத்துப் போஸ்டரால் வராத நம்பிக்கை இந்த ஒரு வரியால் வரும். கேட்டுவிட்டு ஒன்றுமே செய்யாமல் விடுவதற்குக் கேட்காமலே இருந்துவிடலாம்.

2. நேரத்தை ஒதுக்கிக் கொடுங்கள்

பங்கேற்பு முழுக்க இங்கேதான் தீர்மானமாகிறது. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

'எல்லோரும் வரலாம்' என்ற அறிவிப்புக்கு லைனில் அர்த்தமே கிடையாது. சூப்பர்வைசர் விட்டால்தான் வர முடியும். சூப்பர்வைசருக்கோ அன்றைய டார்கெட். 'அண்ணே, போய் பி.பி. பாத்துட்டு வந்துடட்டுமா?' என்று கேட்டால், 'இந்த லாட் முடியட்டும் தம்பி' என்பார். லாட் முடியும்போது முகாமும் முடிந்திருக்கும். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. சாயந்திரம் எண்ணிக்கை குறைந்தால் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான்.

எனவே உற்பத்தி மேலாளரோடு உட்கார்ந்து கணக்குப் போடுங்கள். ஓர் உதாரணம்: மொத்தம் 240 பேர், மூன்று ஷிப்ட், ஷிப்டுக்கு 80 பேர். ஒருவருக்குக் கால் மணி நேரம். ஒரே நேரத்தில் நாலு பேரைப் பார்க்க முடிந்தால் மணிக்கு 16 பேர், ஐந்து மணி நேரத்தில் ஒரு ஷிப்ட் முடிந்துவிடும். அந்த ஐந்து மணி நேரமும் லைனுக்கு நாலு ரிலீவர், அதாவது மாற்று ஆள், வேண்டும். ரிலீவர் கிடைக்கவில்லையா? ஒரே நாளில் முடிக்கும் ஆசையை விட்டுவிட்டு, செக்ஷன் செக்ஷனாக ஒரு வாரம் நடத்துங்கள்.

ரிலீவர் ஏற்பாடு ஆனதும் ரோஸ்டரில் பேர் வாரியாக நேரம் போட்டு டைம் ஆபீசில் ஒட்டுங்கள். கூடவே இரண்டு வரிகளை எழுத்தில் வாங்குங்கள்: அந்தக் கால் மணி நேரம் வேலை நேரமாகவே கணக்கில் வரும், அன்றைய டார்கெட்டிலும் அது கழிக்கப்படும். மேலாளர் கையெழுத்து அதில் இருக்க வேண்டும். வாய்ப்பேச்சாகச் சொன்னால் சூப்பர்வைசர் நம்பமாட்டார். அவர் நிலைமையில் நானும் நம்பமாட்டேன்.

நேரம் போடும்போது ஷிப்டையும் பாருங்கள். வெறும் வயிற்றுச் சர்க்கரைக்கு எட்டு மணி நேரமாவது சாப்பிடாமல் இருக்க வேண்டும். காலை ஆறு மணி ஷிப்டுக்கு வருபவருக்கு அது சுலபம். கேட்டுக்குள் வந்ததும் ரத்தம் எடுத்துவிட்டு, அங்கேயே சூடாக இட்லி கொடுத்துவிடுங்கள். மதிய ஷிப்டுக்கும் நைட் ஷிப்டுக்கும் மூன்று மாதச் சராசரி காட்டும் எச்பிஏ1சி பரிசோதனைதான் தோது, அதற்குப் பட்டினி தேவையில்லை. நைட் ஷிப்ட் ஆட்களைக் காலை ஆறு மணிக்கு மேல் நிறுத்தி வைக்கவே கூடாது. அந்த நேரத்தில் அவர்களுக்குப் பஸ்ஸைத் தவிர வேறெதுவும் கண்ணில் படாது. இரவு பத்து மணிக்கு வேலை தொடங்கும்போதே பார்த்துவிடுங்கள்.

சின்ன விஷயம்போலத் தெரியும் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். மூட்டை தூக்கிக்கொண்டிருந்த ஆளை வியர்வையோடு உட்கார வைத்து உடனே பி.பி. பார்த்தால் எண் ஏறித்தான் காட்டும். ஐந்து நிமிடம் முதுகைச் சாய்த்து, காலைத் தரையில் ஊன்றி, பேசாமல் உட்கார வேண்டும். அதற்கு முந்தைய அரை மணி நேரம் டீயும் பீடியும் கூடாது. இதைச் செய்யாமல் பத்துப் பேருக்கு '150, 160' என்று எழுதிக் கொடுத்தால், 'கேம்புக்குப் போனா எல்லாருக்கும் பிரஷர்னு சொல்றாங்க' என்ற பேச்சு மதியச் சாப்பாட்டுக்குள் ஷெட் முழுக்கப் பரவிவிடும். அடுத்த ஷிப்டில் ஒருவரும் வரமாட்டார்கள். நாலு நாற்காலி கூடுதலாகப் போட்டு, காத்திருக்க ஓர் இடம் ஒதுக்கிவிட்டால் இந்தச் சிக்கலே இல்லை. 180/120-ஐத் தாண்டினால் மறுபடி அளந்து பார்த்து, அப்போதும் குறையாவிட்டால் அன்றைக்கே மருத்துவமனைக்கு அனுப்ப வண்டி தயாராக இருக்கட்டும்.

3. ரிப்போர்ட் யார் கையில்?

கான்ட்ராக்ட் ஆளின் பயத்தை அவர் இடத்தில் நின்று பாருங்கள். சர்க்கரை என்று தெரிந்தால் 'அன்ஃபிட்' என்று சொல்லி அடுத்த மாதம் பேரை எடுத்துவிடுவார்களோ? அப்படி நடந்ததை எங்கேயோ கேள்விப்பட்டிருப்பார். பயம் நிஜமோ இல்லையோ, அவரை லைனிலேயே நிறுத்தி வைக்க அது போதும்.

வழி இருக்கிறது. பரிசோதனையைக் கம்பெனி ஆட்கள் செய்ய வேண்டாம், வெளி மருத்துவமனையோ லேபோ செய்யட்டும். முடிவு மூடிய கவரில் தொழிலாளி கைக்கு மட்டும் போகட்டும். கம்பெனிக்கு மொத்த எண்ணிக்கை மட்டும்: இத்தனை பேர் பார்த்தார்கள், இத்தனை பேருக்கு பி.பி. அதிகம். பத்துப் பேருக்குக் குறைவான செக்ஷனுக்குத் தனி எண்ணிக்கை கேட்காதீர்கள், யார் என்று விரல் விட்டுச் சொல்லிவிடலாம். நர்ஸ் மேஜைக்கு ஒரு திரை போடுங்கள். 'உங்களுக்கு சுகர் முந்நூறு!' என்று அவர் உரக்கச் சொன்னால் கவர் மூடியிருந்தும் என்ன லாபம்?

இதையெல்லாம் நிர்வாகம் எழுதிக் கொடுக்க வேண்டும். யூனியன் இருந்தால் யூனியன், இல்லையென்றால் நிர்வாகமும் தொழிலாளர்களும் சேர்ந்த வொர்க்ஸ் கமிட்டி ஆட்களும் அதில் கையெழுத்திடட்டும். உடல்நலத் தகவலை எதற்காக வாங்குகிறோம் என்று சொல்லி ஒப்புதல் பெறுவது 2023-ம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் போக்கோடும் ஒத்துப்போகிறது.

ஒன்றைக் கலந்துவிடாதீர்கள். ரசாயனம் போன்ற அபாயமான வேலைகளில் இருப்பவர்களுக்குச் சட்டப்படி நடக்க வேண்டிய மருத்துவப் பரிசோதனை தனி. சிப்காட்டில் பல யூனிட்டுகளுக்கு இது பழக்கமானதுதான், அதன் பதிவேடு கம்பெனியிடம் இருக்கும். விருப்பப்பட்டு வரும் நல முகாம் வேறு. இரண்டையும் ஒரே நாளில் ஒரே மேஜையில் வைத்தால் நீங்கள் எழுதிக் கொடுத்த உறுதியை யாரும் நம்பமாட்டார்கள்.

4. முகாமுக்கு அடுத்த நாள் எங்கே போவார்?

சர்க்கரை இருக்கிறது என்று சொல்லி ஒரு சீட்டுக் கொடுத்து அனுப்பினால் அது சட்டைப் பையோடு சலவைக்குப் போய்விடும். எங்கே போக வேண்டும், என்ன கொண்டுபோக வேண்டும், மாத்திரைக்குக் காசு உண்டா என்பது அந்தச் சீட்டிலேயே இருக்க வேண்டும்.

நம் பகுதியில் இதில் ஒரு சிக்கல் உண்டு. ரெட்டிச்சாவடியில் வீடு, கிருமாம்பாக்கத்தில் வேலை என்று இருப்பவர்கள் ஏராளம். வீடு தமிழ்நாடு, வேலை புதுச்சேரி. 2021 ஆகஸ்டில் தொடங்கிய, தமிழ்நாடு அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் கடலூர்ப் பக்கம் வீட்டு வாசலுக்கே பி.பி., சர்க்கரை மாத்திரையைக் கொண்டுவருகிறது. புதுச்சேரிக்காரருக்கு அது கிடையாது, அவருக்கு அவர் ஊர் ஆரம்ப சுகாதார நிலையம். எனவே சீட்டை இரண்டு விதமாக அச்சடியுங்கள். எந்தச் சீட்டு யாருக்கு என்பதை ஆள் எங்கே வேலை செய்கிறார் என்று பார்த்து முடிவு செய்யாதீர்கள், எங்கே குடியிருக்கிறார் என்று பாருங்கள்.

மாதம் 21,000 ரூபாய்க்குள் சம்பளம் வாங்குபவர்களுக்கு இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) இருக்கும். சம்பளத்தில் 0.75 சதவீதம் பிடிக்கிறார்கள், கம்பெனி 3.25 சதவீதம் போடுகிறது. பிடித்தம் தெரிகிறது, பலன் தெரியவில்லை. கோரிமேட்டில் இ.எஸ்.ஐ. மருத்துவமனை இருப்பது தெரியும். ஆனால் நோய்வாய்ப்பட்டு லீவு எடுத்தால் ஆண்டுக்கு 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதம் கிடைக்கும் என்பதும், அதற்கு முந்தைய பங்களிப்புக் காலத்தில் 78 நாளாவது சந்தா கட்டியிருக்க வேண்டும் என்பதும் எத்தனை பேருக்குத் தெரியும்? இதைப் புரிய வைக்க ஓர் அரை மணி நேரக் கூட்டம் போடுங்கள். எந்த நலத்திட்டத்துக்கும் வராத கூட்டம் இதற்கு வரும், ஏனென்றால் இது அவர்கள் காசு. கார்டில் மனைவி, பிள்ளைகள் பேர் சேர்த்திருக்கிறதா என்று அங்கேயே சரிபார்த்துக் கொடுத்தால் இன்னும் நல்லது.

5. இப்போது நோட்டீஸ் அடிக்கலாம்

வழக்கமான அறிவிப்பு இது: 'நமது நிறுவனத்தில் ஊழியர்களின் ஒருங்கிணைந்த உடல்நல மேம்பாட்டினை முன்னிட்டு மாபெரும் இலவச மருத்துவ முகாம் நடைபெறவுள்ளதால் அனைவரும் தவறாது கலந்துகொண்டு பயன்பெறுமாறு கேட்டுக்கொள்கிறோம்.' கோவில் கும்பாபிஷேக அழைப்புக்கும் இதற்கும் வித்தியாசம் தெரியவில்லை.

இப்படி எழுதிப் பாருங்கள்:

'செவ்வாய், புதன். பி.பி., சர்க்கரை பார்க்கிறார்கள். உங்கள் பேருக்கு நேரம் டைம் ஆபீஸ் போர்டில் இருக்கிறது. அந்த நேரத்துக்கு உங்கள் இடத்தில் ரிலீவர் நிற்பார், சம்பளம் பிடிக்கமாட்டோம். ரிப்போர்ட் உங்கள் கையில் மட்டும்தான். கான்ட்ராக்ட் ஆட்களும் வரலாம். வர இஷ்டமில்லை என்றால் யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள்.'

கடைசி வரியை எடுத்துவிடச் சொல்லி மேலிடம் கேட்கும். விட்டுக்கொடுக்காதீர்கள். வராமல் இருக்க உரிமை உண்டு என்று தெரிந்தால்தான் இதில் உள்குத்து ஏதும் இல்லை என்ற எண்ணம் வரும்.

இதை வாட்ஸ்அப் குரூப்பில் படமாகப் போடுவதைவிட முப்பது விநாடிக் குரல் பதிவாகப் போடுவது மேல். பேசுபவர் ஹெச்.ஆர். மேனேஜராக இருக்க வேண்டாம். ஒவ்வொரு செக்ஷனிலும் ஓர் ஆள் இருப்பார். லீவு லெட்டர் எழுதித் தரச் சொல்லிப் பத்துப் பேர் அவரிடம்தான் போவார்கள், வீட்டுச் சண்டையைக்கூட அவரிடம்தான் சொல்வார்கள். பேக்கிங்கில் ஒரு மூத்த அக்கா, மெயின்டனன்சில் ஓர் அண்ணன் என்று அவரவர் பேசட்டும். மேனேஜருக்கு வேண்டப்பட்டவர் என்று பேரெடுத்தவரைத் தேர்ந்தெடுத்துவிடாதீர்கள், அத்தோடு கதை முடிந்தது. ஒடிசா, பீகார், வங்காளத்திலிருந்து வந்த ஆட்கள் இருந்தால் அவர்களில் ஒருவர் அவர் மொழியில் பேசிய பதிவும் வேண்டும்.

6. பரிசு கொடுக்கலாமா?

கொடுக்கலாம், அளவாக. முன்னால் சொன்ன இல்லினாய் ஆய்வில், பரிசோதனைக்கு வந்தால் பணம் எதுவும் இல்லை என்றபோது 47 சதவீதம் பேர் வந்தார்கள். 100 டாலர் என்றதும் 59 ஆனது. 200 டாலராக்கியபோது 63-தான். முதல் நூறுக்கு இருந்த இழுப்பு அடுத்த நூறுக்கு இல்லை. நமக்கும் ஒரு எவர்சில்வர் வாட்டர் பாட்டிலோ டிபன் பாக்ஸோ போதும். மிச்சப் பணத்தை ரிலீவருக்குச் செலவிடுங்கள்.

எடை குறைத்தவருக்குப் பரிசு என்று மட்டும் வைக்காதீர்கள். தராசில் ஏறி நாலு பேர் முன்னால் கேலிக்கு ஆளாக யார் வருவார்? தினம் பத்தாயிரம் அடி நடக்கும் போட்டியும் வேடிக்கைதான். ஷிப்ட் முழுக்க நடப்பவர் செல்போனை லாக்கரில் வைத்துவிட்டு உள்ளே போகிறார். நாற்காலியில் இருப்பவர் செல்போனில் கணக்கு ஏற்றிப் பரிசு வாங்குவார்.

7. தேதி பார்ப்பது

ஜனவரிப் பொங்கல் கழிந்து மார்ச் வரை நல்ல காலம், மாசி மகத்தை மட்டும் தவிர்த்துக்கொள்ளுங்கள். தேவனாம்பட்டினம், வைத்திக்குப்பம் பக்கத்து ஆட்கள் அன்றைக்கு வேலைக்கே வரமாட்டார்கள். மே 4 முதல் 28 வரை கத்திரி. அப்போது முகாம் வேண்டாம், மோர், உப்புச் சர்க்கரைக் கரைசல், நிழலில் கூடுதல் ஓய்வு என்று வெயிலுக்கான ஏற்பாடே நலத்திட்டம். ஜூன் 21 யோகா தினம் போட்டோவுக்கு நன்றாக இருக்கும். ஆனால் ஜூன் 28-ல் யாராவது பாயை விரித்தார்களா என்று பாருங்கள்.

தீபாவளிக்கு முன்னால் எல்லோரும் ஓ.டி. பார்ப்பார்கள். அதையொட்டி மழை. 2011 டிசம்பர் 30-ல் தானே, 2024 நவம்பர் 30-ல் ஃபெஞ்சல் என்று புயல் நம் கரையைத் தேடி வரும் மாதங்கள் அவை. வீட்டுக்குள் தண்ணீர் புகுந்திருக்கும்போது மன அழுத்த மேலாண்மை வகுப்பு நடத்தாதீர்கள். அந்த வாரத்தில் முன்பணம், உலர்ந்த அரிசி, இரண்டு நாள் சம்பளத்தோடு லீவு, இவை போதும்.

8. மனசும் குடியும்

'குடி மறுவாழ்வு ஆலோசனை' என்று போர்டு மாட்டிய அறைக்குள் யாரும் நுழையமாட்டார்கள். தெருவுக்குத் தெரு கடை உள்ள ஊர் நம்முடையது, ஆகவே பிரச்சினை இல்லை என்று நடிக்கவும் முடியாது. ஆலோசகரைக் கம்பெனிக்கு வெளியே வையுங்கள், நேரத்தைத் தொழிலாளியே போனில் முடிவு செய்யட்டும், பில்லில் பேர் இல்லாமல் எண்ணிக்கை மட்டும் வரட்டும். 14416 என்ற டெலிமானஸ் எண், அதாவது அரசின் மனநல உதவி எண், இலவசம், தமிழில் பேசலாம், 24 மணி நேரமும் எடுப்பார்கள். அதைப் பே ஸ்லிப்பில் அச்சடியுங்கள். பே ஸ்லிப் வீட்டுக்குப் போகும், வீட்டம்மாவும் பார்ப்பார்.

9. எண்ணுவது

'180 பேர் கலந்துகொண்டனர்' என்ற எண்ணை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. ஷிப்ட் வாரியாக, கான்ட்ராக்ட் எத்தனை, பெண்கள் எத்தனை என்று பிரித்து எழுதுங்கள். எந்தக் கட்டம் காலியாக இருக்கிறதோ அந்த செக்ஷனின் டீ டைமுக்குப் போங்கள். மூன்று மாதம் கழித்து, எத்தனை பேர் மாத்திரை வாங்கத் தொடங்கினார்கள் என்று அதே லேப் மூலம், பேர் இல்லாமல் கேளுங்கள்.

மேலிடத்துக்குப் பெரிய வாக்குறுதி கொடுக்காதீர்கள். அமெரிக்காவில் சுமார் 33,000 ஊழியர்கள் உள்ள ஒரு நிறுவனத்தில் நடந்து 2019-ல் வெளிவந்த ஆய்வில், நலத்திட்டம் தொடங்கி 18 மாதம் கழித்தும் பி.பி., கொழுப்பு போன்ற அளவுகளிலோ லீவு எடுப்பதிலோ மருத்துவச் செலவிலோ குறிப்பிடும்படியான வித்தியாசம் தெரியவில்லை. 'இதனால் லீவு குறையும், செலவு மிச்சமாகும்' என்று சொல்லிப் பணம் வாங்கினால், அடுத்த ஆண்டு அதைக் காட்டச் சொல்லித் திட்டத்தையே நிறுத்திவிடுவார்கள். 'தெரியாமல் இருந்த இத்தனை பேருக்கு நோய் தெரிந்தது, அதில் இத்தனை பேர் வைத்தியத்தில் இருக்கிறார்கள்' என்று மட்டும் சொல்லுங்கள்.

சின்ன இடங்களுக்கு

இருபது, முப்பது பேர் உள்ள கடைக்கோ பட்டறைக்கோ மேலே சொன்ன பாதி ஏற்பாடு தேவையில்லை. ஜவுளிக்கடையா? முதலில் ஸ்டூல் போடுங்கள். கடை ஊழியர்களுக்கு இருக்கை கட்டாயம் என்று தமிழ்நாட்டில் 2021-லேயே சட்டத் திருத்தம் வந்துவிட்டது. ஆனாலும் ஸ்டூல் இருக்கும், உட்காரத்தான் தயங்குவார்கள். முதலாளி வாயால் 'உட்காரும்மா' என்று சொன்னால்தான் அது இருக்கை. பண்ருட்டிப் பக்கம் முந்திரி உடைப்பதுபோல எடைக்கணக்கில் கூலி வாங்குபவர்கள் என்றால், பரிசோதனைக்கு எழுந்து போகும் கால் மணி நேரத்துக்கான கூலியைக் கணக்கிட்டு அன்றைக்கே கையில் கொடுங்கள். அதை வாரக் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டால் அடுத்த முறை எழுந்து வரமாட்டார்கள்.